பட்டுவின் மகள் பேசிய அவை

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுப் பெரியவர்கள் எங்களைக் கேட்டார்கள். சங்கம் பிறந்த கதையையும், வாடகை வீட்டில் நடந்த முதல் நோன்புக் கஞ்சியையும், கட்டட நிதிக்கு அலைந்த அலைச்சலையும் எழுத, அவற்றைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். முப்பது வயதுக்காரர்களான நாங்கள் அதைத் தொட்டால் பிழைதான் வரும். ஆகவே, "கஸ்தூரி பட்டுவைப் பற்றி எழுதுகிறோம்" என்றோம். ஒரு பெரியவர் முகத்தைச் சுளிக்காமல், ஆனால் கொஞ்சம் வியப்போடு, "அவங்க நம்ம ஆள் இல்லையே தம்பி" என்றார்.

உண்மைதான். அவர் நம் மார்க்கத்தவர் இல்லை. நம் தொகுதியும் இல்லை. 2013 முதல் 2022 வரை இரண்டு தவணை பினாங்கு மாநிலத்தின் பத்து காவான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஜசெக கட்சிக்காரர். நம் சங்கத்திலோ எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கருத்திலும் அவரோடு நாங்கள் ஒத்துப்போவதும் கிடையாது. இருந்தாலும் அவர் ஒன்பது ஆண்டு உட்கார்ந்து பேசிய அவை, பிரிக்பீல்ட்ஸில் நெரிசல் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அங்கே அவர் திரும்பத் திரும்ப எடுத்த விஷயம் நம் கடை வாசல் வரை வந்தது. வந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதையும் எழுதத்தான் இந்தத் தலைப்பு.

கடைக்கு வந்ததை முதலில் சொல்கிறோம். கிள்ளானில் நாங்கள் நடத்துவது மளிகைச் சாமான் வியாபாரம். பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்துவிட்டு வாப்பாவின் கல்லாவில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கோவிட் கட்டுப்பாடு தளர்ந்துகொண்டிருந்த சமயம், வாரா வாரம் சாமான் வாங்கும் ஓர் அக்கா வந்தார். பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், பருப்பு எடுத்து வைத்துவிட்டு, "பாய், இந்த மாசம் எழுதி வச்சுக்கிறீங்களா? வீட்டுக்காரரப் புடிச்சிட்டாங்க" என்றார். எந்தக் கேஸ் என்று கேட்டோம். "சொஸ்மாவாம். இருபத்தெட்டு நாளாம். வக்கீலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு."

எழுதிக்கொண்டோம். அவர் கணவர் என்ன செய்தார், செய்தாரா இல்லையா என்பது எங்களுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. இருபத்தெட்டு நாள் முடிந்தது. மனிதர் வீட்டுக்கு வரவில்லை. குற்றம் சாட்டி சுங்கை பூலோ சிறைக்கு அனுப்பிவிட்டார்கள், ஜாமீன் கிடையாது என்றார். அந்த அக்கா சங்கத்திடம் ஏதாவது உதவி கிடைக்குமா என்று கேட்டதும், நாங்கள் அதை ஒரு நிர்வாகியிடம் கொண்டுபோனதும், அவர் தந்த பதிலும் பிறகு வரும்.

அந்த இரவுதான் நாங்கள் சொஸ்மா சட்டத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தோம். வயரிங் படத்தைப் பார்ப்பதுபோல, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே போனோம். 2012ஆம் ஆண்டின் பாதுகாப்புக் குற்றங்கள் சிறப்பு நடவடிக்கைச் சட்டம் என்பது அதன் முழுப்பெயர். சாதாரணக் குற்றம் என்றால் போலீஸ் ஒருவரைப் பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். எவ்வளவு பெரிய குற்றமானாலும் விசாரணைக் காவல் மொத்தம் 14 நாள். சொஸ்மாவில் மாஜிஸ்திரேட்டே இல்லை. சூப்பரிண்டென்டன்ட் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள போலீஸ் அதிகாரி நினைத்தால் 28 நாள் வைக்கலாம். இது 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. வக்கீலைப் பார்க்கவிடுவதை 48 மணி நேரம் வரை தள்ளிப் போடலாம். 13ஆம் பிரிவு ஜாமீனைத் தடுக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு. 30ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: நீதிமன்றம் விடுதலை செய்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்கிறது என்றால் அது முடியும்வரை உள்ளேயே வைக்க வழி இருக்கிறது.

இதெல்லாம் குண்டு வைப்பவனுக்குத்தானே என்று நாங்களும் நினைத்திருந்தோம். பின்னால் இருக்கும் அட்டவணையைப் பார்த்தோம். பயங்கரவாதத்தோடு, திட்டமிட்ட குற்றக் கும்பல், வெளிநாட்டவரைச் சட்டவிரோதமாகக் கொண்டுவருவது எல்லாம் அதில் அடங்கும். வெளிநாட்டு வேலையாட்களை வைத்து உணவகமும் மொத்த வியாபாரமும் நடத்தும் சமுதாயம் நம்முடையது. இந்தச் சட்டம் தமக்குத் தூரம் என்று நம்மில் யாரும் சொல்லிவிட முடியாது.

பட்டு குடும்பத்துக்கு இந்தத் தூரம் என்றுமே இருந்ததில்லை. கஸ்தூரியின் தந்தை பி. பட்டு ஜசெகவின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், நாடாளுமன்ற உறுப்பினர். இசா என்று நாம் சொல்லும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருமுறை சிறை சென்றவர்: 1978இல் ஒருமுறை, 1987இல் லாலாங் நடவடிக்கையின்போது மறுமுறை. 1987 அக்டோபர் 27இல் தொடங்கிய அந்த நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. பிடிபட்டவர்களில் ஜசெகவினர் மட்டுமல்ல, பாஸ் கட்சிக்காரர்கள், தேவாலய ஊழியர்கள், தொழிலாளர் பெண்களோடு வேலை செய்தவர்கள் என்று எல்லா இனமும் மதமும் இருந்தன. 1979இல் பிறந்த கஸ்தூரிக்கு அப்போது எட்டு வயது. பட்டு 1995 ஜூலையில், பாகான் தொகுதியின் உறுப்பினராக இருந்தபோதே காலமானார்.

நம் பெண்பிள்ளைகளின் பெயரோடு 'பிந்தி' என்று சேர்ப்பதுபோல, இந்தியப் பெண்களின் பெயரோடு இந்நாட்டில் 'ஏ/பி' என்று சேர்ப்பார்கள். மக்களவையின் அதிகாரபூர்வ அறிக்கையில் ஓர் உறுப்பினர் பேச எழும்போதெல்லாம் முழுப்பெயரும் தொகுதியும் அச்சாகும். ஆக, கஸ்தூரி எழுந்து நின்ற ஒவ்வொரு முறையும் அவர் தந்தையின் பெயரும் கூடவே ஏறியது: 'புவான் கஸ்தூரிராணி ஏ/பி பட்டு, பத்து காவான்'. இருமுறை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்ட ஒருவரின் பெயர், பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றிய விவாதங்களின் ஏட்டில் மகள் வழியாக மீண்டும் மீண்டும் பதிவானது. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, அச்சு வழக்கம் அப்படி.

இசா சட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிரான அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. மறுநாளே, ஆகஸ்ட் 1 முதல், இசா அமலுக்கு வந்தது. போலீஸ் 60 நாள் வைக்கலாம். பிறகு உள்துறை அமைச்சர் கையெழுத்திட்டால் இரண்டு ஆண்டு. அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 1989இல் செய்த திருத்தம், அமைச்சரின் முடிவை நீதிமன்றம் ஆராய்வதையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. அரை நூற்றாண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சட்டத்தில் சிக்கினார்கள். தைப்பிங் பக்கத்துக் காமுந்திங் முகாம் அதன் அடையாளமானது.

கிள்ளான்காரர்களுக்கு இதை நினைவுபடுத்தவே தேவையில்லை. 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் பேரணிக்குப் பின் டிசம்பரில் ஐந்து பேர் இசாவில் பிடிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் எம். மனோகரன், காமுந்திங்கில் இருந்துகொண்டே 2008 மார்ச் தேர்தலில் நம் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். வேட்பாளரை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓட்டுப் போட்டவர்கள் நம் தெருவிலும் இருந்தார்கள்.

"அதெல்லாம் இந்து சகோதரர்கள் விஷயம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்லத் தோன்றுகிறது: கரீம் கனி. தமிழ் முஸ்லிம், பத்திரிகையாளர், நேதாஜியின் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆலோசகர்களில் ஒருவர். போருக்குப் பின் சிங்கப்பூரில் நாட்ரா என்ற மரியா ஹெர்தோக் வழக்கில் முஸ்லிம்களின் குரலாக முன்னின்றார். 1950 டிசம்பர் 11இல் வெடித்த கலவரத்துக்குப் பின் ஆங்கிலேயர் அவரை அவசரகால விதிகளின் கீழ்ப் பிடித்து, விசாரணை நடத்தாமல் அடைத்து வைத்தார்கள். இசாவுக்கு அந்த அவசரகால விதிகள்தான் பாட்டனார். நம் மூத்தவர் ஒருவரை அந்தப் பாட்டனார் விழுங்கிய கதை நம் மதரஸாக்களில் சொல்லப்படுவதில்லை. நாங்களும் இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2011 செப்டம்பர் 15 இரவு அன்றைய பிரதமர் நஜிப், இசா நீக்கப்படும் என்று அறிவித்தார். நாடே மூச்சுவிட்டது. அதன் இடத்தில் வந்ததுதான் சொஸ்மா. 2012 ஜூலை 31 முதல் அமல். அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ மட்டும் யாரையும் இதில் பிடிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு வரி இருக்கிறது. 28 நாள் காவல் பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தீர்மானம் போட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. முதல் வரியால் என்ன பயன் விளைந்தது என்பதை நாலு வருடத்தில் பார்த்தோம். இரண்டாவது வரி பத்து ஆண்டு கழித்து வேலை செய்தது.

கஸ்தூரி 2013 மே தேர்தலில் உள்ளே போனார். அதே அக்டோபரில் குற்றத் தடுப்புச் சட்டமான பொக்காவைத் திருத்தி, ஒரு வாரியம் இரண்டாண்டு வரை விசாரணையின்றி ஒருவரை அடைக்க வழி செய்தார்கள். 2015 ஏப்ரலில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொத்தா வந்தது. காலையில் தொடங்கிய அமர்வு மறுநாள் ஏப்ரல் 7 பின்னிரவு இரண்டரை மணி சுமாருக்குத்தான் முடிந்தது; ஆதரவு 79, எதிர்ப்பு 60. மொத்தம் 222 இடங்கள் உள்ள அவையில், மனிதரை இரண்டாண்டு உள்ளே வைக்கும் சட்டத்துக்குக் கை தூக்கியவர்கள் 79 பேர்! வராதவர்கள் எங்கே போனார்கள் என்று எந்தத் தொகுதியும் கேட்டதாகத் தெரியவில்லை. இசா ஒரு கதவு வழியாகப் போய் மூன்று கதவு வழியாக உள்ளே வந்துவிட்டது என்று நாங்கள் கடையில் பேசிக்கொள்வது இதைத்தான்.

இந்த மூன்றையும் நீக்க வேண்டும் என்பது கஸ்தூரியின் நிலை. அதை அவர் எதிர்க்கட்சியில் இருந்தபோதும் சொன்னார், ஆளுங்கட்சியில் இருந்தபோதும் சொன்னார். கூடவே தூக்குத் தண்டனை ஒழிப்பு, போலீஸ் காவலில் நிகழும் மரணங்கள், குழந்தைத் திருமணம் என்று அவர் விடாமல் எடுத்த விஷயங்கள் ஒரு பட்டியல் வரும். பாதுகாப்பு என்றால் நாட்டின் எல்லையும் போலீஸும் மட்டுமல்ல, பிடிபட்டவன் உயிரோடு வீடு திரும்புவதும் பாதுகாப்புதான் என்ற கோட்டில்தான் அவர் பேச்சுகள் போகும். குழந்தைத் திருமணத்தில் அவர் சொன்னதை நம் ஹஸ்ரத்மார்களில் சிலர் ஏற்க மாட்டார்கள். நம் சிலாங்கூர் மாநிலமே 2018இல் முஸ்லிம் பெண்களின் திருமண வயதை 18 ஆக்கியது என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டு நகர்கிறோம்.

கஸ்தூரி தனியாகவும் இல்லை. அவர் காலத்து அவையில், அதுவும் நம் பள்ளத்தாக்கின் தொகுதிகளிலிருந்தே, இந்தச் சட்டங்களைப் புத்தகத்தில் படித்து மட்டும் பேசாத பெண்கள் இருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரை உள்ளடக்கிய லெம்பா பந்தாயின் உறுப்பினர் நூருல் இஸா அன்வார், இவரைப்போலவே இசா கைதியின் மகள். தம் தந்தை வழக்கின் தீர்ப்பைப் பற்றி மக்களவையில் பேசியதற்காக 2015 மார்ச் 16இல் தேசநிந்தனைச் சட்டத்தில் கைதாகி ஓர் இரவு காவலில் இருந்தார். அவையில் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்றுதான் பள்ளியில் படித்தோம். தேசநிந்தனைக்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை என்று 1971இல் அரசியலமைப்பின் 63ஆம் விதியைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். 2018 முதல் 2022 வரை பெட்டாலிங் ஜெயா உறுப்பினராக இருந்த மரியா சின் அப்துல்லா, அதற்கு முன் பெர்சே தலைவராக இருந்தபோது, பேரணிக்கு முதல் நாள் 2016 நவம்பர் 18இல் சொஸ்மாவில் பிடிக்கப்பட்டார். தனி அறைக் காவலில் இருந்து நவம்பர் 28இல்தான் வெளியே வந்தார். அரசியல் நடவடிக்கைக்காக மட்டும் பிடிக்கக் கூடாது என்ற வரி சட்டத்தில் அப்போதும் இருந்தது!

செபூத்தே உறுப்பினர் தெரேசா கோக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பூச்சோங் பக்கம் பண்டார் கின்ராரா பள்ளிவாசலின் பாங்கோசையைக் குறைக்கச் சொன்னார் என்று ஒரு செய்தி கிளம்பியது. 2008 செப்டம்பர் 12இல் இசாவில் பிடித்தார்கள். ஏழு நாள் உள்ளே. கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்தினரே முன்வந்து, ஒலிபெருக்கி பழுதாகியிருந்ததைச் சொல்லி, அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார்கள். பழுதான ஒரு ஒலிபெருக்கி ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பியது என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகிகள் வாய் திறந்தார்கள் பாருங்கள், அதைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த வாரம் அம்னோ அமைச்சர் சாயிட் இப்ராஹிம் இசா பயன்படுத்தப்பட்டதை எதிர்த்துப் பதவி விலகினார். ஆக இது கட்சிக் கணக்கும் இல்லை.

கட்சிக் கணக்கு இல்லை என்பதற்குக் கசப்பான சான்று 2019இல் வந்தது. 2018இல் ஆட்சியைப் பிடித்த பக்காத்தான் ஹராப்பான், தேர்தல் அறிக்கையில் இந்தச் சட்டங்களின் கொடிய பிரிவுகளை நீக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தது. நீக்கவில்லை. 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி, 12 பேர் சொஸ்மாவில் பிடிக்கப்பட்டார்கள். எல்லாரும் இந்தியர்கள், இருவர் ஜசெகவின் சட்டமன்ற உறுப்பினர்கள். அதாவது கஸ்தூரியின் அரசு, கஸ்தூரியின் கட்சிக்காரர்களையே, கஸ்தூரி நீக்கச் சொன்ன சட்டத்தில் பிடித்தது. நவம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், ஜாமீனைத் தடுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். நான்கு மாதத்துக்கு மேல் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து அந்த அரசாங்கமே கவிழ்ந்தது.

எங்கள் விமர்சனம் இங்கேதான். சட்டத்தை நீக்க 22 மாதம் கையில் இருந்தது. அவையில் கஸ்தூரியைப்போலச் சிலர் பேசினார்கள். அமைச்சரவையை அசைக்க அது போதவில்லை. பேசியதைப் பாராட்டும்போது நடக்காததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இது தேர்தல் துண்டறிக்கை ஆகிவிடும்.

2020 ஜூலை 13. எதிர்க்கட்சி வரிசைக்குத் திரும்பியிருந்த கஸ்தூரி, அவைக் குழு ஒன்றில் ஒரு பெண்கூட இல்லையே என்று கேட்டார். எதிர் வரிசையிலிருந்து ஓர் உறுப்பினர், அவர் இருட்டாக இருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை, பவுடர் போட வேண்டும் என்ற பொருள்பட மலாயில் கிண்டல் செய்தார். பிறகு அதைத் திரும்பப் பெற்று மன்னிப்பும் கேட்டார். எங்கள் வீட்டு உம்மாமார்கள் இந்தச் செய்தியைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், கஸ்தூரி என்றதும் "பவுடர் போடச் சொன்னாங்களே, அந்தப் புள்ளையா?" என்கிறார்கள். பள்ளியில் நம் பெண்பிள்ளைகள் கேட்கிற அதே கிண்டல். ஒரு பெண்ணின் ஒன்பது ஆண்டு உழைப்பில் ஊர் நினைவில் நின்றது மற்றவர் சொன்ன ஒற்றை வாக்கியம் என்பது எங்களுக்கு உறுத்துகிறது. இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த இரண்டாவது வரிக்கு வருவோம். 2022 மார்ச் 23. 28 நாள் காவல் பிரிவை இன்னும் ஐந்தாண்டு நீட்டிக்க உள்துறை அமைச்சர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 84, எதிர்ப்பு 86, வராதவர்கள் 50. அரசுத் தீர்மானம் இரண்டே ஓட்டில் தோற்றது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது கல்லாவில் இருந்தோம். அந்த அக்காவுக்கு அனுப்பினோம். "அப்போ இவரு வந்துருவாரா பாய்?" என்று குரல் பதிவு வந்தது. இல்லை, அந்தப் பிரிவு ஜூலைக்குப் பிறகுதான் காலாவதியாகும், அதுவும் புதிதாகப் பிடிப்பவர்களுக்குத்தான் என்று விளக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

ஜூலை முடியும்வரை அது காத்திருக்கவும் இல்லை. 26ஆம் தேதி அதே தீர்மானம் மீண்டும் வந்தது. ஆதரவு 111, எதிர்ப்பு 88. நிறைவேறியது. அதே மாதத்தில் போலீஸ் நடத்தையைக் கண்காணிக்கும் ஆணைய மசோதாவும் நிறைவேறியது. 2005இலேயே அரச ஆணையம் கேட்டது பல் உள்ள கண்காணிப்பு ஆணையம். வந்தது பல் பிடுங்கியது என்று அவையில் பலர் சாடினார்கள். முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் கோம்பாக் போலீஸ் காவலில் இருந்த நாற்பது வயதுப் பால் வியாபாரி ஒருவர் செலாயாங் மருத்துவமனையில் இறந்திருந்தார். நம்மைப்போல ஒரு சிறு வியாபாரி.

2022 நவம்பர் பொதுத் தேர்தலில் கஸ்தூரி போட்டியிடவில்லை. அடுத்த ஏப்ரலில், கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. தூக்கு வேண்டாம் என்று ஒன்பது ஆண்டு பேசியவர் அன்று அவையில் இல்லை. வியாபாரத்தில் இதை நாங்கள் அறிவோம்: கடையை ஒருவர் கட்டுவார், கல்லாவில் வேறொருவர் உட்காருவார்.

இப்போது சங்கத்துக்கு வருகிறோம். அந்த அக்காவின் விஷயத்தை நாங்கள் கொண்டுபோன நிர்வாகி நல்ல மனிதர், பலருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர். அவர் சொன்னது: "போலீஸ் விஷயத்துல நாம தலையிட வேணாம் தம்பி. நாளைக்கு நம்ம பேரும் எழுதிருவாங்க." அந்தப் பயம் பொய்யான பயம் என்று நாங்கள் சொல்லவில்லை. லாலாங் காலத்தில் கடை நடத்தியவர் அவர். கூட்டக் குறிப்பில் அந்த விஷயம் ஏறவே இல்லை. அவர் தம் சட்டைப் பையிலிருந்து 200 ரிங்கிட் எடுத்துக் கொடுத்து, தம் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். கொடுத்தோம், சொல்லவில்லை. நாங்களும் அதற்கு மேல் ஒரு கடிதம் எழுதவில்லை, சுங்கை பூலோ வாசலில் கைதிகளின் மனைவிமார்கள் உட்கார்ந்திருந்ததைக் கேள்விப்பட்டும் ஒரு தண்ணீர்ப் பெட்டிகூடக் கொண்டுபோகவில்லை. ஐம்பது ஆண்டுச் சாதனைகளின் மலரில் இதுவும் ஒரு பக்கமாக இருக்கட்டும் என்று மலர்க்குழுவிடம் கேட்டோம். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அதற்கு நன்றி.

மக்களவையில் பேசப்பட்டது எல்லாம் மலாயில் அச்சாகி நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்களைவிட நம் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாக வரும். கடையில் மத்தியான ஓய்வில் அக்கா மகள் ஒரு பக்கம் வாசிக்க, வாப்பா "என்ன சொல்றாங்க?" என்று கேட்க, அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். 'ஏ/பி பட்டு' என்ற இடத்தில் வாப்பா நிறுத்தி, "அவரு நல்லாப் பேசுவாரு" என்பார்.

28 நாள் பிரிவின் ஆயுள் 2027 ஜூலை 31இல் முடிகிறது. அது ஒரு சனிக்கிழமை. அதற்குள் தீர்மானம் மறுபடியும் அவைக்கு வந்தாக வேண்டும். கிள்ளான், லெம்பா பந்தாய், செபூத்தே, பெட்டாலிங் ஜெயா உறுப்பினர்களும் அன்று கை தூக்க வேண்டும், அல்லது வராமல் இருக்க வேண்டும். நால்வரின் சேவை மைய முகவரியும் எங்கள் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. கடிதம் எழுத விரும்புகிறவர்கள் தாளும் பேனாவும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.